வாளி வைத்து ஓட்டிய இரண்டு வாரம்

போன கத்திரி வெயிலில் எங்கள் வேளச்சேரி வீட்டு ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே வாளியை வைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். சோம்பேறித்தனம்தான். அப்புறம் ஒருநாள் முன்மூடியைத் திறந்தால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள் (coil) முழுக்க வெள்ளையாய் ஐஸ்!

நன்றாகக் குளிர்வதால்தான் ஐஸ் என்று அம்மா நினைத்தார். நேர்மாறு. ஃபில்டரில் தூசி அடைத்தாலோ குளிரூட்டும் கேஸ் குறைந்தாலோதான் பெரும்பாலும் சுருளில் ஐஸ் உறையும். யோசித்தால், முன்பே அறிகுறி இருந்தது: அரை மணியில் குளிரும் அறைக்கு ஒன்றரை மணி ஆனது, வெளியே கம்ப்ரசர் நிற்கவே இல்லை.

வந்த மெக்கானிக் எதையும் தொட்டுப் பார்க்காமலே, “கேஸ் போடணும் சார்” என்றார். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். “முதல்ல லீக் எங்கேன்னு பாருங்க” என்றேன். முகம் சுருங்கியது. வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நுரை தடவியதும் குமிழ் குமிழாய் வந்தது.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை நானே கழுவுகிறேன். வாளி துணி ஊறவைக்கப் போய்விட்டது.