விசுவமடுவில் இருந்து ஸ்கேற்றிங் புள்ளித்தாள் வாசிக்கப் பழகிய கதை

ஜூனியர் கிராண்ட் பிரி என்றதும் என் தம்பி கார் ஓட்டப் போட்டி என்றுதான் நினைத்தான். பனித்தரையில் பிள்ளைகள் சறுக்கி ஆடுகிற போட்டிக்கும் அந்தப் பெயர் இருக்கிறது என்று சொன்னேன். "விசுவமடுவில இருந்துகொண்டு உனக்கு அது என்னத்துக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். இலங்கையின் வடக்கில், இங்கே ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது, இல்லாவிட்டால் ஐஸ்பழ வானில் வருவது.

காரணம் என் தங்கையின் மகள். ஒன்ராறியோவில் இருக்கிறாள், சின்ன வயதிலேயே ஸ்கேற்றிங் தொடங்கியவள். சர்வதேசப் போட்டி அளவுக்கு இன்னும் வரவில்லை, மாகாணத்துக்குள்ளேதான் போட்டி போடுகிறாள். வட்ஸ்அப்பில் எடுத்தால் "லட்ஸ் வந்திட்டுது பெரியம்மா", "ஃபிளிப்புக்கு எட்ஜ் பிழையாம்" என்று சொல்லிக்கொண்டு போவாள். எனக்கு "நல்லது பிள்ளை" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நடனம் படிப்பிக்கிறவள் நான். பிள்ளை ஆடுகிற ஒன்றைப் பற்றி இரண்டு வசனம் கதைக்கத் தெரியாமல் இருப்பது உறுத்தியது. அவளே ஒரு நாள் சொன்னாள்: "ஜூனியர் கிராண்ட் பிரி பாருங்கோ. யூரியூப்பில காசில்லாமல் போகும். பெரியாக்களின்ர போட்டியை விட அதிலதான் பழகலாம்."

2024 ஆவணியில் தொடங்கினேன். அந்தப் பருவத்தின் முதல் போட்டி லற்வியாவின் ரீகா நகரில். அங்கே பகல் என்றால் இங்கே பின்னேரம், ஆகவே நேரம் பிரச்சினையில்லை. சிக்னல்தான் பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே படம் நின்று நின்று போகும். வெளியே மாமரத்தடியில் கதிரை போட்டால் ஓடும், ஆனால் சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் எறியும். கடைசியில் யன்னல் கட்டில் ஃபோனைச் சாய்த்து வைத்து, உள்ளே நின்று பார்க்கப் பழகிக்கொண்டேன். நேரலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முடிந்த பிறகும் காணொளி அங்கேயே கிடக்கும், இரவு டேட்டாவில் ஆறுதலாகப் பார்க்கலாம். திரும்ப ஓட்டிப் பார்க்க வசதி இருந்தால்தான் பழகவே முடியும்.

போட்டியின் அமைப்பு பெரிய சிக்கல் இல்லை. ஆவணி தொடக்கம் ஐப்பசி வரை ஏழு நாடுகளில் ஏழு போட்டி. ஒரு பிள்ளைக்குக் கூடினால் இரண்டு போட்டிதான் கிடைக்கும். அதில் எடுக்கும் இடத்துக்குப் புள்ளி உண்டு, முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 13 என்று இறங்கும். கூட்டிப் பார்த்து முன்னுக்கு வரும் 6 பேர் மார்கழியில் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். தனி ஆட்டத்துக்கு வயது 13 நிரம்பியிருக்க வேண்டும், 19 ஆகியிருக்கக் கூடாது, கணக்குப் பார்ப்பது யூலை 1 ஆம் திகதியை வைத்து. இரண்டு நாள் ஆட்டம்: முதலில் 2 நிமிடம் 40 செக்கன் குறு ஆட்டம், பிறகு மூன்றரை நிமிட நீள் ஆட்டம்.

முதல் கிழமை நான் பார்த்ததெல்லாம் முகமும் கையும். எங்கள் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது, கை போகிற வழிதானே கண் போகும். அழகாகக் கை நீட்டிய பிள்ளைக்குக் குறைந்த புள்ளி, கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓடிய பிள்ளைக்குக் கூடிய புள்ளி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெறாமகளிடம் சொன்னேன். சிரித்தாள். "காலைப் பாருங்கோ பெரியம்மா. இடது கால். எழும்புறதுக்கு அரைச் செக்கன் முன்னுக்கு."

அங்கேதான் கதவு திறந்தது.

தாவல்கள் ஆறு வகை. அதில் அக்செல் மட்டும் முன்பக்கம் பார்த்தபடி எழும்புவது, ஆகவே அதை முதலிலேயே பிரித்துவிடலாம். மற்ற எல்லாத் தாவலையும் விட அதில் அரைச் சுற்றுக் கூட, மூன்று சுற்று அக்செல் என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று. மிச்ச ஐந்தும் பின்பக்கமாகப் போய் எழும்புவது. இதில் மற்றக் காலின் ஸ்கேற் கத்தி நுனியில் இருக்கும் பல்லைப் பனியில் குத்தி எழும்புபவை மூன்று: ரோ லூப், ஃபிளிப், லட்ஸ். குத்தாமல் கத்தியின் விளிம்பிலேயே எழும்புபவை இரண்டு: சால்கோ, லூப். ஃபிளிப்பும் லட்ஸும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஃபிளிப் உள் விளிம்பில் இருந்து எழும்ப வேண்டும், லட்ஸ் வெளி விளிம்பில் இருந்து. வெளி விளிம்பில் போகிற உடம்பை எதிர்த் திசைக்குச் சுழற்ற வேண்டும் என்பதால் லட்ஸ் கடினம், அதனால் புள்ளியும் கூட. நிறையப் பிள்ளைகள் வெளி விளிம்பில் நீளமாக வந்து, குத்துகிற அந்தக் கணத்தில் கணுக்காலை உள்ளே சாய்த்துவிடுகிறார்கள். காணொளியைக் கால்வாசி வேகத்தில் ஓட விட்டால் அது தெரியும். ஒரு இரவு முழுக்க லட்ஸை மட்டும் பார்த்தேன். அரைமண்டியில் முழங்கால் உள்ளே மடிகிற பிள்ளையைப் பத்தடி தள்ளி நின்றே பிடிக்கிற எனக்கு, அந்தக் கணுக்காலைப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

இதற்குத்தான் ஜூனியர் நல்லது. பெரியவர்களின் போட்டியில் பிழை மிகச் சிறிதாக இருக்கும், பழகாத கண்ணுக்கு அகப்படாது. இங்கே ஒரே குழுவில் ஒரு பிள்ளை மூன்று சுற்று அக்செல் போடும், அடுத்த பிள்ளை இரண்டு சுற்று அக்செலில் தடுமாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தரமும் லேசுப்பட்டது இல்லை. போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை முதன்முதலில் போட்டு முடித்த பெண் யப்பானின் மிக்கி ஆன்டோ, அதுவும் 2002 இன் ஜூனியர் இறுதிப் போட்டியில். இப்போது பெரியவர்களின் வயதெல்லை 17 ஆக உயர்ந்துவிட்டதால் கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடக் காலம் ஜூனியரில் நிற்கிறார்கள். யப்பானின் மாவோ ஷிமாடா 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை உலக ஜூனியர் பட்டம் எடுத்தவள். 2026 ஒலிம்பிக்குக்குப் போக வயது காணவில்லை. பிறந்தது 2008 ஐப்பசி கடைசியில், நான்கு மாதம்தான் இடித்தது.

சரி, புள்ளித்தாளுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

போட்டி முடிந்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பீ.டி.எஃப். இணையத்தில் ஏறிவிடும், யாரும் இறக்கலாம். ஃபோனில் எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் சந்தியில் உள்ள கொமினிகேசனில் பிரின்ற் எடுத்தேன். கடைக்காரத் தம்பி தாளைப் பார்த்துவிட்டு "என்ன மிஸ், பள்ளிக்கூட ரிசல்ற்றா?" என்றார். முழுவதையும் எடுக்க வேண்டாம், பக்கம் நிறைய. நீங்கள் பார்த்த நாலைந்து பிள்ளைகளின் பக்கம் போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி. இடப்பக்கம் அந்தப் பிள்ளை செய்த ஒவ்வொரு தாவலும் சுழற்சியும் வரிசையாக. பக்கத்தில் அதன் அடிப்படைப் புள்ளி. அந்தப் பருவத்தில் மூன்று சுற்று ரோ லூப் 4.2, ஃபிளிப் 5.3, லட்ஸ் 5.9, அக்செல் 8.0. அதற்குப் பிறகு நடுவர்களின் கட்டங்கள். ஒவ்வொருவரும் தரத்துக்கு −5 இல் இருந்து +5 வரை போடுவார்கள். கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுப்பார்கள். ஒரு படி என்பது அடிப்படைப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு. எல்லாரும் +2 போட்ட லட்ஸுக்கு 5.9 உடன் 1.18 சேர்ந்து 7.08 வரும்.

தாவலின் பெயருக்குப் பின்னால் வரும் சின்னக் குறிகள்தான் உயிர். ஒரு கோணக்குறி (<) இருந்தால் காற்றில் சுற்று முடியவில்லை, கால்வாசிச் சுற்றுக்கு மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அடிப்படையில் 80 வீதம்தான் கிடைக்கும். இரண்டு கோணக்குறி என்றால் அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறை, மூன்று சுற்றை இரண்டாகவே கணக்கெடுப்பார்கள். ஆங்கில ஈ எழுத்து வந்தால் விளிம்பு பிழை, அதற்கும் 80 வீதம். ஆச்சரியக்குறி வந்தால் விளிம்பு தெளிவில்லை என்று ஓர் எச்சரிக்கை: அடிப்படையில் கை வைக்க மாட்டார்கள், நடுவர்கள் தரத்தில் குறைப்பார்கள். இந்தக் குறிகளைப் போடுவது நடுவர்கள் இல்லை. தொழில்நுட்பக் குழு என்று தனியாக மூன்று பேர் இருந்து, திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

என்னைக் கோபப்படுத்திய அந்த அழகான கைக்காரப் பிள்ளையின் பக்கத்தை எடுத்தேன். லட்ஸில் விழுந்திருந்தாள், கோணக்குறியும் இருந்தது. 5.9 அங்கேயே 4.72 ஆகிவிட்டது. விழுந்ததற்கு எல்லாரும் −5, ஆகவே அதிலும் பாதி போய் 2.36. விழுந்ததற்கென்று மொத்தத்தில் இன்னும் 1 வெட்டு. கைக்கு வந்தது 1.36. முரட்டுப் பிள்ளை அந்த இடத்தில் வெறும் இரண்டு சுற்று அக்செல்தான் போட்டிருந்தாள், அடிப்படை 3.3, +3 தரத்தோடு 4.29. என் கோபத்துக்குப் பதில் இரண்டு வரியில் கிடந்தது. கைகளுக்கும் ஆட்டத்துக்கும் கீழே தனியாக மூன்று வரி உண்டு, அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று. அங்கே முதல் பிள்ளைக்குத்தான் கூட. என் கண் முழுப்பிழை இல்லை என்று ஒரு சின்னச் சந்தோஷம்.

பிறகு ஒரு பயிற்சி செய்து பார்த்தேன். நடுவர் கட்டங்களை ஒரு மட்டையால் மூடிவிட்டுக் காணொளியைப் போட்டு நானே தரம் எழுதுவது, பிறகு மட்டையை எடுத்துப் பார்ப்பது. தொடக்கத்தில் எல்லாருக்கும் வாரி வழங்கினேன். போகப் போக ஒரு படிக்குள் வந்தது. சுழற்சிகள் எவ்வளவு கடினம் என்று காட்டும் மட்டம்தான் இன்னும் சரிவரவில்லை. ஐஸ் நடனப் பிரிவு எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. நடன ரீச்சருக்கு இது வெட்கக்கேடு என்று பெறாமகள் பகிடி பண்ணுகிறாள்.

இந்தத் தாளில் என்னை அதிகம் பிடித்தது கணக்கு இல்லை. எந்த நடுவர் என்ன போட்டார் என்பது பெயரோடு ஊர் முழுக்கத் தெரிகிறது. எப்போதும் அப்படி இருக்கவில்லையாம். 2002 மாசியில், இங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில், சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ஜோடி ஆட்டத் தீர்ப்பு பெரிய ஊழலாக வெடித்து, கனடா ஜோடிக்கும் இரண்டாவதாக ஒரு தங்கம் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஆறு புள்ளிக்குப் போடும் பழைய முறையை விட்டு இந்த முறைக்கு வந்தார்கள். வந்தவர்கள் எந்தப் புள்ளி எந்த நடுவருடையது என்பதை மறைத்துவிட்டார்கள், நெருக்குதல் வராமல் இருக்கவாம். 2016 இல்தான் அந்த மறைப்பை எடுத்தார்கள். மறைத்தால் நேர்மை வரும் என்று நினைத்தவர்களே திரும்பி வந்தது எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. பிள்ளைகளை வலயப் போட்டி, மாகாணப் போட்டி என்று கூட்டிக்கொண்டு போய் வந்த எந்த ரீச்சருக்கும் இது விளங்கும். ஒரு முறை என் குழு மூன்றாமிடம் வந்தது. ஏன் என்று கேட்டேன். "நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது" என்ற வசனம்தான் கிடைத்தது. வரும் வழியில் வானுக்குள் பிள்ளைகள் தாளமா, அங்கசுத்தமா, உடுப்பா என்று ஊகித்துக்கொண்டே வந்தார்கள்.

பாங்கொக் போட்டியை வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். எங்களை மாதிரியே வெயில் ஊர், நேர வித்தியாசமும் ஒன்றரை மணித்தியாலம்தான். "எங்கட நாட்டுப் பிள்ளை ஒருத்தரும் இல்லையா மிஸ்?" என்று கேட்டார்கள். மலேசியாவின் ஜூலியன் யீயைப் பற்றிச் சொன்னேன். கடைத்தொகுதிக்குள் இருந்த சறுக்குத் தளத்தில் பழகி 2018 ஒலிம்பிக்குக்குப் போனவர். "முதல்ல கிளிநொச்சியில அப்பிடி ஒரு கடைத்தொகுதி வரட்டும்" என்றாள் ஒருத்தி.

வகுப்பில் இப்போது மாத முடிவில் ஒரு தாள் வைக்கிறேன். தாளம், அங்கசுத்தம், பாவம் என்று வரி வரியாக, நானும் மூத்த மாணவிகள் இரண்டு பேரும் பெயர் எழுதிப் புள்ளி போடுவோம். சுவரில் ஒட்டுவோம். முதல் தாளிலேயே சண்டை. "பாவத்துக்கு நீங்கள் 6, அக்கா 8. ஆர் சரி மிஸ்?" என்று ஒரு சின்னது வந்து நின்றது. பதில் சொல்ல அவளைத் திரும்ப ஆட வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அக்காதான் சரி. புள்ளியை மாற்றவில்லை, ஆனால் பக்கத்தில் காரணத்தை எழுதினேன்.

பெறாமகள் தன் போட்டித் தாளைப் படம் எடுத்து அனுப்புகிறாள் இப்போது. கடைசியாக வந்ததில் ஃபிளிப்புக்கு ஆச்சரியக்குறி. நீள் ஆட்டத்தின் பின்பாதியில் வைத்த கடைசி மூன்று தாவலுக்குப் பத்து வீதம் கூடக் கிடைக்கும் என்று தெரியும்தானே, அதனால் அந்த ஃபிளிப்பை முன்னுக்கு எடுத்துவிட்டு, சுத்தமாக வருகிற லூப்பைக் கடைசிக்கு விடலாமே என்று எழுதினேன். அவளுடைய பயிற்றுநர் அதைப் போன கிழமையே மாற்றிவிட்டாராம்.