செட்டிநாட்டு வானில் கருகல் வாடை

காரைக்குடிக்கு மேலே சின்னப் பயிற்சி விமானத்தில் வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் குன்றக்குடி மலை. வயர் கருகும் வாடை முதலில் வந்தது, பிறகு ரேடியோவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை.

"தம்பி, மாஸ்டரை ஆஃப் பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர்.

மாஸ்டர் என்பது விமானத்தின் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச். அணைத்தேன். ரேடியோவும் விளக்குகளும் போயின. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் விமானமான செஸ்னா 172-இல் பிளக்குக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. இன்ஜின் சுழலும்போது அது தானே மின்சாரம் உண்டாக்கும், அதற்கு பேட்டரி வேண்டியதில்லை. பெட்ரோல் மேலே இறக்கையிலிருந்து தானாகவே இறங்கும். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் காற்றழுத்தத்தில் இயங்குபவை. இது மனதில் பதியாத மாணவருக்கு அந்த சுவிட்சைத் தொடவே கை வராது.

காற்றுத் துவாரங்களை மூடினேன். சார் தீயணைப்பானை எடுத்து பேனலுக்கு அடியில் அடித்தார். புகை அடங்கியதும் ஜன்னலைத் திறந்தோம். தீயணைப்பானின் வாயுவை அடைபட்ட இடத்தில் சுவாசிக்கக் கூடாது.

கடினமான முடிவு அதற்கப்புறம்தான். திருச்சிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 1998-இல் கனடா கடலோரம் விழுந்த சுவிஸ்ஏர் 111 விமானத்தில், விமானிகளுக்கு வாடை தெரிந்ததிலிருந்து எல்லாம் முடிய ஏறக்குறைய 21 நிமிடம்தான். 229 பேர் இறந்தார்கள். அங்கேயும் வயரில்தான் தொடங்கியது. அந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே செட்டிநாட்டின் பழைய ஓடுதளம் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது, நான் சிறுவயதில் பார்த்து வளர்ந்த இடம். "வாடை திரும்பினா இங்கேயே இறங்கிடுவோம்" என்றார் சார். அதன் மேலேயே வட்டமடித்தோம். வாடை வரவில்லை, திருச்சிக்கே கிளம்பினோம்.

ரேடியோ சுவிட்சுகளை எல்லாம் அணைத்து வைத்துவிட்டு மாஸ்டரை மட்டும் போட்டோம். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர்களில் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளவே கூடாது. தள்ளினால் கருகிய வயருக்கு நாமே மறுபடி மின்சாரம் கொடுக்கிறோம். கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு ரேடியோவைப் போட்டு, திருச்சி டவரிடம் நிலைமையைச் சொன்னோம். ஓடுபாதை கண்ணில் பட்டு, இறங்க அனுமதியும் கிடைத்ததும் மாஸ்டரை மறுபடி அணைத்தார் சார். மெதுவாக இறங்க உதவும் இறக்கைத் தகடான ஃபிளாப் மின்சாரத்தில் இயங்குவது என்பதால் அது இல்லாமல், சற்றுக் கூடுதல் வேகத்தில் இறங்கினோம். நீண்ட ஓடுபாதை கைகொடுத்தது. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே வந்து நின்றன.

பேனலைக் கழற்றிய மெக்கானிக் காட்டினார்: ஒரு வயர் இரும்புப் பட்டையில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து கருகியிருந்தது.