கூழங்கைச் சக்கரவர்த்தி எந்த நாட்டவர்?

உயர்தர வகுப்பில் இலங்கை வரலாறு எடுத்தவர்களுக்கு இந்தச் சண்டை மறந்திராது. யாழ்ப்பாண இராச்சியத்தின் முதல் அரசன் எனப்படும் கூழங்கைச் சக்கரவர்த்தி கலிங்கனா, பாண்டிநாட்டுத் தமிழனா, இராமேசுவரத்துப் பிராமணனா? சேர் விடை சொல்லித் தரமாட்டார். கரும்பலகையில் குறுக்காக ஒரு கோடு கீறி 1215, 1247, 1284 என்று குறிப்பார். மூன்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

1215இல் கலிங்கத்திலிருந்து வந்து பொலன்னறுவையைப் பிடித்து 21 ஆண்டுகள் ஆண்டவன் மாகன். 1247இல் மலாய்த் தீபகற்பத்திலிருந்து படையெடுத்தவன் சாவகன் சந்திரபானு. 1284ஐ அண்டிய பஞ்ச காலத்தில் பாண்டியன் குலசேகரனுக்காக சிங்கள அரசின் தலைநகரான யாப்பகூவையைத் தாக்கி, புத்தரின் பல்லான தந்ததாதுவைக் கொண்டுபோனவன்தான் ஆரியச்சக்கரவர்த்தி; யாழ்ப்பாண அரசர்கள் தாங்கிய பட்டமும் அதுவே. சிங்கள அரசர் பக்கம் நின்று பிக்குகள் எழுதிய சூளவம்சம் அவனை, ஆரியன் அல்லாதபோதும் அப்பெயரால் அறியப்பட்ட தமிழ்த் தளபதி என்கிறது. பகைவன் எழுதிய வரிதான். ஆனாலும் பகைவனுக்கு அவனைத் தமிழன் என்று புனையவேண்டிய தேவை என்ன?

அடுத்து, கொப்பியில் நான்கு நிரல்கள் போடச் சொல்லுவார்: ஆதாரம், எழுதிய காலம், சம்பவத்திலிருந்து எத்தனை ஆண்டு, யாருக்காக எழுதியது. யாழ்ப்பாண வரலாறு சொல்லும் மயில்வாகனப் புலவரின் வைபவமாலை 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதியது. ஏறத்தாழ 450 ஆண்டு இடைவெளி. பாண்டி மழவன் என்ற யாழ்ப்பாணப் பிரமுகர் மதுரைக்குப் போய் இளவரசனை அழைத்துவந்த கதையை அந்த இடைவெளியோடுதான் படிக்கவேண்டும். செகராசசேகரமாலை யாழ்ப்பாண அரசவையில் எழுந்த சோதிட நூல். இராமர் இராமேசுவரத்தில் அமர்த்திய பிராமணர் வழி என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்வது, அரண்மனை தன்னைப்பற்றிச் சொல்லவிரும்பிய கதை. வம்சம் கற்பனையாக இருக்கலாம், சேதுத் தொடர்பு, அதாவது இராமேசுவரக் கரையோடான உறவு, அப்படியல்ல: அவர்களின் காசில் படுத்திருக்கும் இடபத்தின் கீழே ‘சேது’ என்றே பொறித்திருக்கிறது.

அந்த இடபத்தைக் காட்டித்தான் கலிங்கக் கட்சி வாதாடும், கலிங்கத்தை ஆண்ட கீழைக்கங்கரின் முத்திரையும் இடபமாம். பல்லவருக்கும் இடபம்தானே! சைவ அரசர் வீட்டில் அது எங்கும் கிடைக்கும். என் கணக்கில் சேதுக்கரைப் பாண்டியப் பிரதானி என்பதே உறுதியான கட்சி.

கேகாலைப் பகுதியில் கிடைத்த கோட்டகமைக் கல்வெட்டு ‘பொங்கொலிநீர்ச் சிங்கைநகர்’ ஆரியனின், அதாவது யாழ்ப்பாண அரசனின், வெற்றியைத் தமிழ் வெண்பாவில் பாடுகிறது. குலம் பற்றி மூச்சில்லை. 1344இல் யாழ்ப்பாண அரசனை நேரில் கண்ட மொரோக்கோப் பயணி இபின் பதூதா அவனுக்குப் பாரசீகம் விளங்கும் என்று எழுதினார். அதை வைத்துப் பாரசீக வம்சம் என்று ஒருவரும் புறப்படாதது நல்லகாலம்.