தியான் சந்த் படக்கதை: மட்டையிலிருந்து தொடங்குங்கள்

ஹாக்கி ஆடும் பிள்ளையிடம் ஹாக்கி படக்கதையைக் கொடுத்தால், எழுத்துக்கு முன் மட்டையைத்தான் பார்க்கும். இந்திய ஹாக்கி வீரர் தியான் சந்தைக் கொண்டாடும் ஒரு சிறுமியின் கதையைப் படப்புத்தகமாக்க நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருட்டு. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடது கை மேலே, வலது கை கீழே. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. ஓவியர் சரியாக வரைந்திருந்தாலும் பக்கம் அமைக்கும்போது கெட்டுவிடும்: வீரர் வலப்புறம் ஓடினால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும் என்று வடிவமைப்பாளர் படத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பிவிடுவார். கைகளும் மாறும், தட்டைப் பக்கமும் மாறும். திசை மாற வேண்டுமானால் மறுபடி வரைவதுதான் வழி. மாதிரிக்கு எடுக்கும் ஒளிப்படம் ஐஸ் ஹாக்கியா என்றும் பாருங்கள். அந்த மட்டையே வேறு.

அடுத்து, காலம். தியான் சந்த் ஆடிய 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் புல்தரையில் நடந்தது, நீலச் செயற்கைத் தரையில் அல்ல. மட்டை மரம், அதன் வளைந்த நுனி இன்றைய மட்டையைவிட நீளம். கோல் கீப்பருக்குத் தலைக்கவசம் வரையாதீர்கள். அசோகச் சக்கரம் உள்ள கொடியும் வேண்டாம், அது 1947இல் வந்தது. அன்று ஆட்டம் 'புல்லி'யோடு தொடங்கும்: இருவர் எதிரெதிரே நின்று தரையையும் எதிராளியின் மட்டையையும் மாறி மாறி மூன்று முறை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்வார்கள். டக், டக், டக் என்று உரக்க வாசிக்க இதைவிட நல்ல பக்கம் அமையாது!

தியான் சந்தின் மட்டைக்குள் காந்தம் இருந்தது என்ற கதையை ஆசிரியர் குரலில் எழுதாதீர்கள். சிறுமி கேட்கட்டும்: "காந்தம் இருந்துச்சா தாத்தா?" பதிலாக, 1922இல் ராணுவத்தில் சேர்ந்த தியான் சிங் (அவரது இயற்பெயர் இதுதான்) நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்து உருட்டும் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடுங்கள். எண்களில் உறுதியானவற்றை மட்டும் எடுங்கள்: 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவர் அடித்த கோல்கள் 14, 1936 இறுதியில் இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த எட்டில் அவருடையவை எத்தனை என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை, ஆகவே அணியின் கணக்கே போதும்.

32 பக்கம் வசதி. பதினாறு பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு, தாள் வீணாகாது. தலைப்பும் பதிப்பு விவரமும் போக, கதைக்கு ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் முப்பது, நாற்பது சொற்களுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரியில் இடமில்லையென்று நடுவில் உடைத்தால் ஆறு வயதுப் பிள்ளை தடுமாறும், வாக்கியத்தைச் சுருக்குங்கள். பந்தும் முகமும் நடு மடிப்பில் விழாமல் தள்ளி வையுங்கள். திரையில் பார்த்தால் இது தெரியாது. அச்சுக்குப் போகுமுன் தாளில் எடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்துப் பார்த்துவிடுங்கள்.