கேரட்டுக்கு முதல் மாதம்தான் முக்கியம்

கேரட்டை நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: வேண்டவே வேண்டாம், வளரப்போகும் இடத்திலேயே விதையுங்கள். தக்காளியும் கத்தரியும் நட்டுப் பழகிய கைக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அந்தச் செடிகளில் வேர் அறுந்தாலும் பக்கவேர் விட்டுத் தேறிவிடும், காய்க்கும். கேரட்டில் நாம் சாப்பிடுவதே அந்த ஆணிவேரைத்தான். அதன் நுனி ஒடிந்தாலோ மடங்கினாலோ செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் கிழங்கு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து வளரும்.

முளைத்த முதல் மூன்று, நான்கு வாரங்களில் ஆணிவேர் விறுவிறுவென்று கீழே இறங்குகிறது. கிழங்கின் நீளம் பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பருப்பதும், நிறமேறுவதும், இனிப்புச் சேர்வதும்தான். அதனால் நான் என் உழைப்பில் பெரும்பகுதியை முன்கூட்டியே, விதைப்புக்கும் முளைப்புக்குமே கொடுத்துவிடுகிறேன்.

மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி, கட்டிகளை உடைத்து, கல்லைப் பொறுக்கிவிட வேண்டும். சுண்டுவிரல் நக அளவுள்ள கல்கூட இறங்கிவரும் வேரைத் திருப்பிவிடும். மேல்மண்ணைச் சலித்தே போடுகிறேன். நன்றாக மக்கிய உரம் மட்டும் சேருங்கள். பச்சைச் சாணத்தைக் கலந்தால் வேர் கிளைக்கும். தழைச்சத்து கூடினால் மேலே இலை அமோகமாக இருக்கும், கீழே மயிர்மயிராகச் சல்லிவேர் விட்ட கிழங்குதான் கிடைக்கும். மண் களிப்பாக இருந்தால் நீள ரகங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், குட்டையாகத் தடித்து வளரும் சாந்தனே ரகம் அங்கே நன்றாக வரும். ஆழமில்லாத தொட்டிக்கு உருண்டையாக விளையும் பாரிஸ் மார்க்கெட் ரகம் பொருத்தம்.

சரி, விதைக்கு வருவோம். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வரிவரியான மேடு. விரலால் கசக்கி முகர்ந்தால் காரமான ஒரு வாசனை வரும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் இதன் குடும்பம்தான். ஒரு கிராமில் ஏறக்குறைய ஆயிரம் விதை வரை இருக்கும். விதை பழையதாக ஆக முளைப்புத்திறன் இறங்கிக்கொண்டே போகும், ஆகவே புது விதையாகவே வாங்குங்கள்.

"விதை போட்டு ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் வரலை" என்று பலர் பாத்தியைக் கொத்திவிடுகிறார்கள். தயவுசெய்து கொத்தாதீர்கள். கேரட் விதை தாமதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. செடியிலிருந்து விழும்போது அந்த விதைக்குள் கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. விதையின் பெரும்பகுதி உணவுச் சேமிப்புதான், கரு அதற்குள் சின்னதாக ஒரு மூலையில் இருக்கும். நீரை உறிஞ்சிய பிறகு அந்தக் கரு விதைக்குள்ளேயே நீண்டு வளர்ந்தாக வேண்டும், அதற்கப்புறம்தான் வேர் வெளியே எட்டிப் பார்க்கும். கருவின் அளவு விதைக்கு விதை மாறுவதால் ஒரே வரிசையில் சிலது முந்தும், சிலது பிந்தும். மண்ணின் வெப்பமும் ஒரு காரணம். 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைப்பது, 10 டிகிரியில் இரண்டு வாரத்தைத் தாண்டும். 5 டிகிரியில் ஒன்றரை மாதம்கூட ஆகலாம். மண் 40 டிகிரியைத் தொட்டால் முளைப்பே இருக்காது.

இவ்வளவு நாளும் விதை கிடப்பது மண்ணின் மேல் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். வெயிலில் முதலில் காய்வதும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான். வேர் எட்டிப் பார்த்த விதை ஒருமுறை காய்ந்தால் போச்சு. அதனால் நான் செய்வது இது: விதைப்பதற்கு முன்பே பாத்தியை நன்றாக நனைத்துவிடுவேன். விரலால் மெல்லிய கோடு இழுத்து, விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, சலித்த மட்கு உரத்தால் அரை சென்டிமீட்டர் மூடுவேன். தோட்டத்து மண்ணால் மூடினால் அது இறுகி ஓடு கட்டிக்கொள்ளும், இந்த மெல்லிய முளையால் அதை உடைத்து வர முடியாது. மூடியபின் நனைத்த சாக்கை விரித்து, அதன் மேலேயே பூவாளியால் தண்ணீர் தெளிப்பேன். காலையும் மாலையும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு அந்த நாட்களில் மிகப் பிடித்த வேலை. வெள்ளையாக வளைந்த தண்டு ஒன்று தெரிந்தாலும் உடனே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் முளைகள் வெளுத்து, சாக்கின் இழைக்குள் மாட்டிக்கொள்ளும்.

கேரட் வரிசையில் இடைவெளி விட்டு நாலைந்து முள்ளங்கி விதையும் போட்டுவைப்பேன். முள்ளங்கி சில நாட்களிலேயே முளைத்து வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும், மேல்மண்ணையும் இளக்கிக் கொடுக்கும். கேரட் பருக்கத் தொடங்குவதற்குள் அதைப் பிடுங்கிவிடலாம்.

களை எடுக்கும்போது கவனம் தேவை. கேரட்டின் வித்திலைகள் இரண்டும் ஒல்லியாக, நீளமாக, பார்ப்பதற்குப் புல்லாகவே தெரியும். மூன்றாவதாக வரும் இலை வெட்டுவெட்டாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு தாராளமாகக் களை எடுங்கள்.

அடுத்தது கலைத்தல். நன்றாக முளைத்த செடியை அகற்ற யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். ஆனால் நெருக்கமாக விட்டால் எதுவுமே பருக்காது. முதலில் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கொஞ்சம் வளர்ந்தபின் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக விடுகிறேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்பதால் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுவதே எனக்கு வசதி.

இதற்குப் பிறகு வேலை குறைவு. தண்ணீரை ஒரே சீராகக் கொடுங்கள், காயவிட்டுத் திடீரென்று ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும், கொஞ்சம் மண்ணை அணைத்துவிட்டால் போதும். காற்று 15 முதல் 21 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் நிறம் நன்றாக ஏறும், கடும் வெப்பத்தில் வெளிறிப்போகும்.

பெரும்பாலான ரகங்கள் 70 முதல் 100 நாளில் அறுவடைக்கு வரும். நான் நாளை எண்ணுவதைவிட, தோளைச் சுற்றி மண்ணை விலக்கிப் பருமனைப் பார்த்தே பிடுங்குகிறேன். மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குங்கள், இலை கையோடு வராது. குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நடுவில் சற்று வெளிறிய வட்டம், அதுதான் நீரை மேலேற்றும் பகுதி. அதைச் சுற்றியிருக்கும் அடர்ந்த பகுதியில்தான் சர்க்கரையும் நிறமும் அதிகம். பிடுங்கிய கையோடு இலையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிழங்கிலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மறுநாளே கேரட் துவண்டுவிடும்.