இறுகிப்போன கால் மிஷினை மறுபடி ஓட வைப்பது

இருபது வருடம் பரணில் கிடந்த கால் தையல் மிஷின் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. பழைய எண்ணெய் பிசினாகி மூட்டுகளைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பாதீர்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி வைத்த மிஷின்கள்தான் கடைசியில் எடைக்குப் போகின்றன.

இங்கே சொல்வது சிங்கர் கம்பெனியின் '15' என்ற மாடலுக்கு. நம்மூரில் அடிக்கடி கண்ணில் படும் 15கே, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் செய்தது. அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டாலும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. உஷா மாதிரியான நம் வீட்டு மிஷின்களும் இதே அமைப்புதான். பாபினும் (அடிநூல் சுற்றும் உருளை) அது உட்காரும் பாபின் கேஸும் தையல் சாமான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். படகு போன்ற ஷட்டிலும் (அடிநூலோடு தையலைப் பின்னும் பாகம்) நீளப் பாபினும் கொண்ட 27, 28 மாடல்கள் வேறு கதை. அதை வாங்குவதானால் ஷட்டில் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பெல்ட், ஊசி, பாபின் கேஸ், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் நான்கையும் எடுத்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இடம்: கை வீலுக்குப் பின்னால் தண்டில் சுற்றிய நூல், ஷட்டில் ஓடும் பாதையில் சிக்கிய நூல். பாதி 'ஜாம்' இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், அசைகிற ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய். மிஷின் தலையைச் சாய்த்து அடிப்பக்கத்துக்கும், ஊசிப் பக்க மூடியான முகத் தட்டைக் கழற்றி ஊசித் தண்டுக்கும் விடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் கை வீலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். குறடு போட்டுத் திருக வேண்டாம். அசையாவிட்டால் முடி உலர்த்தியால் மூட்டைச் சூடாக்கி (மண்ணெண்ணெயைத் துடைத்து, ஆவி போன பிறகு) மறுபடி ஆட்டுங்கள். நாலு நாள்கூட ஆகலாம்.

இளகியதும் கறுப்பாக வழிவதைத் துடைத்துக்கொண்டே சுற்றுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வழுவழுப்பு தராது. அதனால் அன்றே தையல் மிஷின் எண்ணெய் விட்டாக வேண்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. இந்தப் பிசினே பல வீடுகளில் அப்படி வந்ததுதான்.

கறுப்பு உடலில் தங்க நிறப் பூ வேலை மிச்சமிருந்தால் ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள். மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டதும் கரைந்து, தங்கமும் கூடவே போய்விடும். மிஷின் எண்ணெயில் தோய்த்த பஞ்சு போதும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொஞ்சம் அழுக்கு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

கை வீலைக் கழற்றித் துடைத்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊசியை நிறுத்த வீலின் நடுத் திருகை இளக்கினாலும் பாபின் சுற்றும்போது ஊசி கூடவே ஏறி இறங்கும். குற்றவாளி உள்ளே இருக்கும் காது வைத்த வாஷர். அதை அரை வட்டம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

ஸ்டாண்டில் வேலை குறைவு. பெரிய சக்கரத்தையும் மிதியையும் தாங்கும் கூர் திருகுகளைப் பக்க ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்கி, அவை இளகாமல் பிடிக்க லாக் நட் போடுங்கள். மிதிக்கும்போது 'டக் டக்' என்றால் மிதியைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டு தேய்ந்திருக்கிறது. தோல் பெல்ட் ஏறக்குறைய 5 மி.மீ. கனம், ஆறு அடி நீளம் வாங்கிக்கொள்ளுங்கள். நீளத்தை மிஷின்மேல் வைத்தே அளந்து வெட்டுங்கள். இறுக்கமானால் மிதி கனக்கும், தளர்ந்தால் வழுக்கும். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது.

நூல் கோக்காமல் முதலில் மிதித்துப் பழகுங்கள். வீல் உங்கள் பக்கமாகவே சுற்ற வேண்டும். பின்னால் சுற்றினால் நூல் சிக்கும். பிறகு புது ஊசி, 14 அல்லது 16 நம்பர். ஊசியின் நீளமான காடி (பள்ளம்), நூல் வருகிற கடைசி வளையத்தின் பக்கம் இருக்க வேண்டும். இது மாறினால் தையலே விழாது, ஆனால் பலர் ஷட்டிலைக் குறை சொல்லி மெக்கானிக்கைத் தேடுவார்கள்.

இரண்டு மடிப்புக் காடாத் துணியில் மேலே கறுப்பு, கீழே சிவப்பு நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திட்டாதீர்கள். மேல் நூல்தான், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக் கோத்தால் உட்காரும். அப்படியும் நிற்காவிட்டால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கும், துணிநாடாவை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் தானாக இறங்கக்கூடாது, சுண்டினால் கொஞ்சம் இறங்க வேண்டும். அதன் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

புது பெல்ட் சில நாளில் நீண்டுவிடும். அரை அங்குலம் வெட்டி, புதிதாகத் துளையிட்டு கொக்கியை மாட்டிக்கொள்ளுங்கள்.