சோபியா (பல்கேரியா), 1948–49: ஓர் அச்சுக்கோப்பவரின் நாட்குறிப்பு

1948 மே 20

நேற்று பட்டாளத்துக் கால்பந்து அணியின் முதல் ஆட்டம். ஸ்லாவியாவுடன் 1–1. இந்த மாதம் 5ஆம் தேதிதான் சவ்தாரையும் செப்டெம்வ்ரியையும் ஒன்றாகக் கட்டி இதைப் பிறப்பித்தார்கள். முழுப் பெயர் 'படைகளின் மத்திய இல்லத்துச் செப்டெம்வ்ரி'; செப்டெம்வ்ரி என்றால் செப்டம்பர். ஒற்றைப் பத்திக்குள் அடங்கவில்லை, இரண்டு வரியாக உடைத்துக் கோத்தேன். அப்பாவிடம் சொன்னதும், "பேரே இவ்வளவு நீளமா? ஓடும்போது கால்ல தட்டாதா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. துண்டை என்னிடம் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

மே 24

எழுத்துத் திருநாள். நம் லெவ்ஸ்கி கிளப்புக்கும் இன்றுதான் பிறந்தநாள், 34 வயது. அப்பா நீலச் சட்டையைக் கேட்டார். பூச்சி அரித்திருந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 7

சாம்பியன்ஷிப் இறுதி, பட்டாளத்து அணியோடு. முதல் ஆட்டம் நமக்கு, 2–1. அப்பா எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தார். 46, 47, இதோ 48 என்று விரல் மடக்கி எண்ணுகிறார். எண்ணாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 9

காலையில் அணிவகுப்பு. விடுமுறை நாள் என்றாலும் எங்களுக்கு அச்சகம் உண்டு. மத்தியானத்துக்கு மேல் யூனாக் மைதானத்துக்கு ஓடினேன். பெர்லோவ்ஸ்கா பாலத்திலேயே கூட்டம் தள்ளியது.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். அவர்கள் இரண்டு போட்டார்கள், நாம் ஒன்று. இரண்டு ஆட்டமும் சேர்த்து 3–3. முடிய ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்கும், பந்து நம் கோல் பக்கம் வந்தது. எனக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு ஆள் எழுந்து நின்றான். அவ்வளவுதான் நான் பார்த்தது. சத்தம்தான் வந்தது. நாகோ சக்மாகோவ். 3–1. நான்கு மாதக் குழந்தை சாம்பியன் ஆகிவிட்டது, அதுவும் தன் பெயரில் இருக்கும் அந்த செப்டம்பர் 9ஆம் தேதியிலேயே. கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பொய் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தேவைப்படவில்லை. மேல்மாடிக்காரர் ரேடியோவைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "தலையாலயா, காலாலயா?"

தெரியாது என்றேன்.

"மைதானத்துலதானே இருந்தே?"

செப்டம்பர் 10

ஊசி மருந்து இந்த வாரமும் வரவில்லை.

நவம்பர் 21

இப்போது லீக் முறை. 'அ' குழுவில் பத்து அணி, ஆளுக்கு 18 ஆட்டம். ஒரே நாளில் தலை போகாது, அது ஒரு ஆறுதல். அப்பா பழைய புரூஃப் தாள்களின் பின்பக்கம் புள்ளிப் பட்டியல் எழுதுகிறார். பழைய எழுத்துமுறைதான். 'ஃபுட்பால்' என்ற சொல்லின் கடைசியில் யெர் என்ற அந்த ஊமை எழுத்தைப் போடாமல் விடமாட்டார். 1945இல் அதை எடுத்துவிட்டார்களே என்றால், "என் பென்சில்ல இருந்து எடுக்கல" என்கிறார். யாத் எழுத்தையும் அப்போதுதான் ஒழித்தார்கள். என் அச்செழுத்துப் பெட்டியில் அதன் அறை காலி. சிகரெட் வைத்துக்கொள்கிறேன்.

1949 பிப்ரவரி 3

காய்ச்சல் 38.4. இரவு 39.1.

பிப்ரவரி 4

தம்பியின் முகாமிலிருந்து கடிதம். அவர்கள் பிரிவில் எல்லோரும் பட்டாளத்து அணிக்குத்தான் கத்துகிறார்களாம். அவனும் கத்துகிறானாம். அந்த வரியை விட்டுவிட்டு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

மே 20

கோப்பை நமக்கு! அதே பட்டாளத்து அணியோடுதான். 1–1, மறுபடி 2–2, மூன்றாவதில் கூடுதல் நேரம் போய் 2–1. சோவியத் ராணுவக் கோப்பையை நம் ராணுவம் இழந்துவிட்டது என்று அச்சகத்தில் யாரோ சொல்ல, யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

அப்பா மூன்று ஆட்டத்தையும் கோல் கோலாகச் சொல்லச் சொன்னார். எல்லாம் கேட்ட பிறகு: "சரி, அந்த சக்மாகோவ்?"

ஜூன் 27

துணைப் பிரதமராக இருந்த கோஸ்தோவின் பெயர் எங்காவது வந்தால் கோக்காமல் கேட்க வேண்டுமாம். சரி.

ஜூலை 3

பிரதமர் திமித்ரோவ் மறைந்தார். ராத்திரி முழுக்க எல்லாப் பக்கத்துக்கும் கறுப்புக் கட்டம் கட்டினோம். தடித்த ரூல் போதவில்லை, மரச் சட்டத்தை அறுத்து மை தடவினோம்.

ஜூலை 10

ஆறு நாளில் ஒரு கல்லறை மாளிகை எழுப்பிவிட்டார்கள். ஒரு பெட்டி ஊசிக்கு ஒரு வருடமாக அலைகிறேன். இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. இருக்கட்டும்.

நவம்பர் 28

கிளப்புகளின் புதுப் பட்டியல் கோக்க வந்தது. சோவியத் முறைப்படி எல்லாவற்றுக்கும் வேறு பெயர். ஸ்லாவியா இனி ஸ்ட்ரோயிதெல், கட்டுபவன். அப்புறம் தினாமோ. இது யார் என்று கேட்டேன். பக்கத்து ஆள் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். புரிந்தது.

லீகையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் ஜெயித்த அணி. அச்சகத்துக்கு நான் தினமும் அந்தக் கல்தூணைத் தாண்டித்தான் போகிறேன். 1873இல் தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரன், 'அப்போஸ்தலன்' வசில் லெவ்ஸ்கியின் பெயர் அதில் அப்படியே இருக்கிறது. கல்லில் இருந்தால் பரவாயில்லை, சட்டையில் இருந்தால்தான் ஆகாது போலிருக்கிறது. அந்த ஆறு எழுத்தையும் அச்சிலிருந்து பிரித்து அதனதன் அறையில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈயம்தானே.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 30

சொல்லவில்லை.

டிசம்பர் 4

மேல்மாடிக்காரர் சொல்லிவிட்டார். நான் போனபோது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெகுநேரம் கழித்து, "கோல்கீப்பர் மாறலையே?" என்றார். இல்லை, சொகொலோவ்தான். "முன்னால ஸ்பாசோவ்தானே?" ஆமாம்.

"அப்போஸ்தல் சொகொலோவ். வசில் ஸ்பாசோவ்." பெயர்களை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "வசில் இருக்கான், அப்போஸ்தல் இருக்கான். மிச்சத்த நாம சொல்லிக்கலாம்."

புரூஃப் தாளைக் கேட்டு வாங்கினார். லெவ்ஸ்கி என்று எழுதி, கடைசியில் ஒரு யெர் போட்டார். அந்தப் பெயருக்கு யெர் கிடையாது, பழைய எழுத்துமுறையிலும் கிடையாது. நான் திருத்தவில்லை.

டிசம்பர் 9

39.6.

டிசம்பர் 11

அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வருடம் அந்த செப்டம்பர் 9ஆம் தேதி கோலுக்குப் பின்னாலேயே நின்றிருந்தானாம். தலையா காலா என்று கேட்டேன். சொன்னான். இப்போது வீட்டுக்குத்தான் போகிறேன்.